சாமி அடி செல்லாத ராத்திரி: குன்னூர் மேசை ஒன்றில் புதுப் பதிப்பு வந்த கதை

2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் டி அண்ட் டி மேசையிலிருந்து ஒருவர் எழுந்து போனார். நாலு மாதம் திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை, காசுத் தகராறு இல்லை. டி அண்ட் டி என்றால் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, நடப்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் ஆட்டம். அதன் விதிப் புத்தகத்தின் புதுப் பதிப்புக்கு நாங்கள் மாறி அது மூன்றாவது அமர்வு. என்ன நடந்தது, நான் எங்கே கோட்டை விட்டேன், பிறகு எப்படிச் சரிக்கட்டினோம் என்பதையெல்லாம் ஆட்டத்தை நடத்துகிறவன் என்ற முறையில் எழுதி வைக்கிறேன். புதுப் பதிப்புக்கு மாறலாமா என்று யோசிக்கும் வேறு மேசைக்காரர்களுக்கு உதவலாம்.

மேசையும் ஆட்களும்

குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, மைதா மூட்டை அடுக்கிய அறையில்தான் எட்டு வருடமாக ஆடுகிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, சாயங்காலம் 5 மணிக்கு மேல். ஏப்ரல், மே சீசனில் ஆட்டம் கிடையாது. இ-பாஸ் வந்த பிறகும் சீசன் ஞாயிறு என்றால் பேக்கரிக்காரருக்கு மூச்சு விட நேரமிருக்காது. மற்றவர்களும் பெட்போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டி வருவதற்குள் இருட்டிவிடும்.

என்னையும் சேர்த்து ஆறு பேர். நான் ஒரு தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுகிறவன். அருவங்காட்டில் வேலை செய்யும் ஒரு அண்ணன் வாள்வீரன். கேத்திப் பக்கத்துப் படுகர் வீட்டு அக்கா, பள்ளிக்கூட டீச்சர். மேசையில் அவர் திருடி, அதாவது ரோக். கூடலூர்க்காரி ஒரு நர்ஸ், மேசையில் கிளெரிக், அதாவது காயம் ஆற்றும் பூசாரி. காலேஜில் படிக்கும் தம்பி ஒருவன் பாட்டுப் பாடும் பார்ட். ஐந்தாவது ஆள் பேக்கரி அண்ணன். மூன்று பெரிய கதை ஆடியிருக்கிறோம், மூன்றிலும் அவர் பாலடின்தான். சாமிக்கு நேர்ந்துகொண்ட போர்வீரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் ஆங்கிலம், மேசை தமிழ். இந்த விஷயம் பிறகு முக்கியமாகும், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஹிட் பாயின்ட் எங்களுக்கு 'உசிர்'. ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோ 'தப்பிப்பு'. இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வதற்கு 'பெருசு', சின்னதை எடுப்பதற்கு 'சிறுசு'. ஷார்ட் ரெஸ்ட், அதாவது கதைக்குள் எடுக்கும் சின்ன ஓய்வு, என்றால் 'டீ'. "ஒரு டீ போட்டுட்டுப் போலாமா?" என்று யாராவது கேட்டால் அது உண்மையான டீயா, குகைக்குள் குடிக்கும் டீயா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் எல்லோரும் 'தாயம்!' என்று கத்துவோம். கீழே இருந்து பேக்கரி அண்ணனின் அம்மா, "ஒண்ணுதாண்டா தாயம், இருபதுக்கு எதுக்குக் கத்துறீங்க?" என்று எட்டு வருடமாகத் திட்டுகிறார். ஒன்று விழுந்தால் நாங்கள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

மந்திரம் போடப் போட ஸ்பெல் ஸ்லாட், அதாவது இத்தனை மந்திரம்தான் என்ற கையிருப்பு, தீரும் அல்லவா, அதைக் காகிதத்தில் அடித்துக் காட்டுவது பேக்கரி அண்ணனுக்குப் பிடிக்காது. வீட்டிலிருந்த பழைய பல்லாங்குழிப் பலகையைக் கொண்டு வந்தார். ஏழாம் லெவல் பாலடினுக்கு முதல் நிலை ஸ்லாட் 4, இரண்டாம் நிலை 3. மொத்தம் ஏழு. பல்லாங்குழியில் ஒரு வரிசைக்கு ஏழு குழி. குழிக்கு ஒரு புளியங்கொட்டை. அடித்ததும் எடுத்து மேசையில் டக்கென்று வைப்பார். அந்தச் சத்தத்துக்கு என் பூதங்கள் எல்லாம் பயந்திருக்கின்றன.

அவர் விதிப் புத்தகத்தை ஒருநாளும் படித்ததில்லை. ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். முதல் வருடம் நான் சொன்னதைக் காதால் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு நான்தான் அவரிடம் கேட்பேன். "போன கதையில மழை பெஞ்சு ரெண்டு நாள் கரண்ட் இல்லாதப்ப, படுத்துக் கிடக்கிறவன அம்பால அடிச்சா சிறுசுன்னு சொன்னியே தம்பி, இப்ப மாத்திச் சொல்ற" என்பார். புத்தகத்தைப் புரட்டினால் அவர் சொன்னதே இருக்கும். விதிக்கு மேலே எங்கள் வீட்டுத் தீர்ப்புகளும் அவர் தலைக்குள் இருந்தன. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கண் என்னைத் தேடாது, அவரைத்தான் தேடும்.

என்ன மாறியது

நாங்கள் ஆடியது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. 2024 செப்டம்பரில் அதன் திருத்திய ஆட்டக்காரர் கையேடு வந்தது. பழையது 320 பக்கம், புதியது 384. நவம்பரில் நடத்துனர் கையேடு, 2025 பிப்ரவரியில் பூதங்களின் புத்தகம். புத்தகம் ஒன்று சுமார் 50 டாலர். மூன்றும் கையில் வரட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சீசன் வந்தது. ஜூனில், நடந்துகொண்டிருந்த கதையின் பாதியிலேயே மாறினோம்.

இதை ஆறாம் பதிப்பு என்று வெளியிடும் கம்பெனியான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் சொல்லவில்லை. பழைய சாகசக் கதைகளும் இதோடு பொருந்தும் என்றுதான் சொன்னார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் பொருந்தும் என்றால் வீடு அதேதான், சுவிட்சை மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் மாற்றியிருக்கிறோம் என்பது மாதிரி. இருட்டில் கை பழைய இடத்தைத்தான் தடவும்.

நான் செய்த முதல் தப்பு: மாற்றங்களை ஆங்கிலத்தில் 11 பக்கமாகத் தொகுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஐந்து பேரும் கட்டைவிரல் காட்டினார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகைக்கும்தான் கட்டைவிரல் காட்டுகிறோம்.

அந்த ராத்திரி

முதல் இரண்டு அமர்வில் சண்டை பெரிதாக இல்லை. மூன்றாவதில் அருவிக்கு மேலே ஒரு கயிற்றுப் பாலம், பாலத்தின் நடுவே ஒரு கல் ராட்சதன். வெளியே ஜூலைச் சாரல், ஜன்னல் முழுக்க மஞ்சு. கிளெரிக் உசிர் மூன்றோடு படுத்திருக்கிறாள். அண்ணன் முறை.

பாலடினுக்கு ஒரு முறைக்கு இரண்டு வீச்சு உண்டு. முதல் வீச்சு பட்டது. புளியங்கொட்டை டக். இதற்கு எங்கள் மேசையில் பெயர் 'சாமி அடி', புத்தகத்தில் டிவைன் ஸ்மைட். முதல் நிலை ஸ்லாட்டைச் செலவழித்தால் எட்டு முகப் பகடை இரண்டு கூடுதல், இரண்டாம் நிலை என்றால் மூன்று. இரண்டாவது வீச்சு உருட்டினார். பகடை மைதா மூட்டையில் பட்டுத் திரும்பி வந்து 20இல் நின்றது.

எல்லோரும் எழுந்துவிட்டோம். தாயம்! அம்மா கீழேயிருந்து திட்டுவதுகூடக் கேட்டது. அண்ணன் கடைசிக் குழியிலிருந்து பெரிய கொட்டையை எடுத்து வைத்தார். பழைய விதிப்படி இருபதில் பகடை எல்லாம் இரட்டிக்கும், மூன்று ஆறாகும். ஆறு பகடையையும் கையில் அள்ளிவிட்டார்.

புது விதியில் சாமி அடி ஒரு மந்திரம். அடி பட்டதைப் பார்த்த பிறகு போடலாம், ஆனால் போனஸ் ஆக்‌ஷனைச் செலவழித்துத்தான் போட முடியும். அது வழக்கமான வீச்சுக்கு மேலே கிடைக்கும் ஒரு சின்னக் கூடுதல் செயல். ஒரு முறைக்குப் போனஸ் ஆக்‌ஷன் ஒன்றுதான். அது முதல் வீச்சிலேயே தீர்ந்துவிட்டது.

சொன்னேன்.

ஆறு பகடையும் கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு புளியங்கொட்டையை எடுத்துக் குழியிலேயே திருப்பிப் போட்டார், சத்தம் வராமல். "சரிங்க சார்" என்றார்.

எட்டு வருடத்தில் அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கோபம் வந்தால் 'டேய் தம்பி'. மீதிச் சண்டையை ஆடி முடித்தோம், ராட்சதன் செத்தான். அண்ணன் கடைசி வரை இருந்து, பாயைச் சுருட்டி, லைட்டை அணைத்துவிட்டுத்தான் இறங்கினார். அடுத்த ஞாயிறு அடுப்பு வேலை என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அடுப்பு வேலை. ஆடி முழுக்க அடுப்பு வேலை.

மற்றவர்கள் என்ன சொன்னார்கள்

அறை மட்டும் எங்களுக்குத் திறந்தே இருந்தது, சாவியை அம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தார். அதுவே குத்தியது. ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்துப் புதுப் பதிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அருவங்காட்டு அண்ணனுக்குப் பரம சந்தோஷம். "எட்டு வருஷமா 'அடிக்கிறேன்'னு ஒரே வசனம்தான் எனக்கு. இப்பத்தான் கையில ஆயுதம் இருக்கிற மாதிரி இருக்கு." புதுப் பதிப்பில் ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு வித்தை உண்டு; ஒன்று பத்தடி தள்ளும், ஒன்று ஆளைச் சாய்க்கும். கயிற்றுப் பாலத்தில் பத்தடி தள்ளு என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நர்ஸுக்கும் திருப்தி. காயம் ஆற்றும் மந்திரத்துக்குப் பழைய பதிப்பில் எட்டு முகப் பகடை ஒன்று, இப்போது இரண்டு. "ஒரு பேஷன்டுக்கு அரை மாத்திரை கொடுத்துட்டு நிக்கிற மாதிரி இருந்தது, அது போச்சு" என்றார். மருந்துப் புட்டியைச் சண்டை நடுவே சட்டென்று குடிக்கலாம் என்று ஒரு விதி வந்திருக்கிறது. அதை நாங்கள் ஐந்து வருடமாக வீட்டு விதியாக ஆடுகிறோம், எத்தனையோ மேசைகளில் அப்படித்தான். அதைப் பார்த்ததும் ஏதோ எங்கள் மனுவை ஏற்றுக்கொண்டதுபோல எல்லோருக்கும் ஒரு பெருமை.

டீச்சர் அக்கா சொன்னதுதான் என்னை நிமிர்த்தியது. "உண்மையச் சொல்லவா? சாமி அடியக் குறைச்சது நல்லதுதான். அண்ணன் முறை வந்தா நாங்க நாலு பேரும் வேடிக்கை பாக்குறவங்க. பெரிய எதிரிய யார் கொல்லப் போறாங்கன்னு முன்னாடியே தெரியும். ஆனா அத அண்ணன் முகத்துக்கு நேரா நான் சொல்ல மாட்டேன்." விதியை மாற்றியவர்கள் முட்டாள்கள் இல்லை. என் கணக்குப் புத்தியும் அதையேதான் சொல்கிறது: ஒரே முறையில் இரண்டு சாமி அடி, அதில் ஒன்று இருபது என்றால் மற்ற நால்வரின் ஒரு மணி நேர வேலை வீண். எது நியாயம் என்பதில் எனக்கு அப்போதும் குழப்பமில்லை, இப்போதும் இல்லை.

காலேஜ் தம்பியின் வருத்தம் நான் எதிர்பார்க்காதது. அவன் பாத்திரம் ஹாஃப் எல்ஃப், பாதி மனிதன், பாதி வனத்து எல்ஃப். 2024 கையேட்டில் ஹாஃப் எல்ஃபும் இல்லை, பாதி மனிதன் பாதி ஆர்க் என்ற முரட்டு இனமான ஹாஃப் ஆர்க்கும் இல்லை. பழைய புத்தகத்தில் இருப்பதை வைத்து ஆடிக்கொள்ளலாம், தடையில்லை. அதையே அவனிடம் சொன்னேன். அவன் தாத்தா 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். "தடையில்லண்ணா. லிஸ்டுல மட்டும் இல்ல. எங்க தாத்தாவுக்கும் இதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான்தான் பேச்சை மாற்றினேன்.

விடிகாலை, அடுப்பின் முன்னால்

செப்டம்பரில் ஒருநாள் விடிய 4:30 மணிக்குப் பேக்கரிக்குப் போனேன். பகலில் பேச முடியாது. விறகு அடுப்பு கனன்றுகொண்டிருந்தது, அண்ணன் வர்க்கிக்கு மாவு இழுத்துக்கொண்டிருந்தார். பலகை முழுக்கப் பரத்தி, வனஸ்பதி தடவி, மடித்து, மறுபடி இழுத்து, மறுபடி மடித்து. நீலகிரி வர்க்கி வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மடிப்பில்தான் மொறுமொறுப்பு இருக்கிறது என்று தெரியாது.

சமாதானம் பேசத் தயாராகப் போயிருந்தேன். அவருடைய பாலடினுக்குத் தீப்பற்றும் வாள் ஒன்று கொடுக்கிறேன், பழைய அடிக்கு ஈடாக இருக்கும் என்றேன். கணக்குப் போட்டே கொண்டு போயிருந்தேன், ஒரு முறைக்குச் சராசரியாக எவ்வளவு குறைகிறது, வாள் எவ்வளவு கூட்டும் என்று.

"வாள் எதுக்கு சார்?" என்றார், மாவை விட்டுக் கண் எடுக்காமல்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். நினைவில் இருக்கும்படி எழுதுகிறேன்.

"அடி கொறஞ்சதுக்கா நான் வரலன்னு நெனச்சீங்க? சீட்டுல தோத்துருக்கேன், தாயத்துல தோத்துருக்கேன். அன்னைக்கு ஆறு பகடைய அள்ளிட்டேன் பாருங்க. எனக்குத் தெரியும்னு அள்ளினேன். தெரியலன்னு ஆயிப்போச்சு. படிச்ச புள்ளைங்க நாலு பேரு முன்னாடி. இனி எதக் கேட்டாலும் நீங்க அந்த போனத் தொறந்து பாத்துச் சொல்லப் போறீங்க. அப்புறம் என்னை எதுக்குக் கேக்கணும்?"

இன்னொன்றும் சொன்னார். அவர் வேலை கற்றுக்கொண்ட கடையில் அடுப்புச் சூடு பார்ப்பது கையை உள்ளே நீட்டித்தானாம். எத்தனை எண்ணும் வரை கை தாங்குகிறது என்பதுதான் கணக்கு. பிறகு அந்தக் கடையில் மீட்டர் வைத்த கரண்ட் அடுப்பு வந்தது. "மீட்டர் சரியாத்தான் காட்டுது. ஆனா அன்னையில இருந்து மேஸ்திரி ஒரு மூலையில ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாரு."

எனக்கு எங்கள் பேக்டரி ஞாபகம் வந்தது. வாடவைத்த இலையைப் பிடியில் இறுக்கி, விட்டு, அது விரியும் விதத்தைப் பார்த்தே ரோலருக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்லும் பழைய டீ மேக்கர்கள் உண்டு. அவர்களிடம் ஈரப்பத மீட்டரை நீட்டினால் அந்த முகத்தில் வருவதைப் பார்த்திருக்கிறேன். அது கருவி மேல் உள்ள கோபம் இல்லை.

ஐம்பது வருடத்துப் பழைய நோவு

திரும்பி வந்து இந்த ஆட்டத்தின் பழைய பதிப்புச் சண்டைகளை எல்லாம் வேறு கண்ணோடு பார்த்தேன். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் போட்ட மூன்று சின்னப் புத்தகத்தில் தொடங்கியது இது. 1977 முதல் 1979க்குள் அட்வான்ஸ்டு பதிப்பு, 1989இல் அதன் இரண்டாம் பதிப்பு, 2000இல் மூன்றாவது, 2003இல் மூன்றரை, 2008இல் நாலாவது, 2014இல் ஐந்தாவது. ஒவ்வொரு தடவையும் பாதிப் பேர் மாறினார்கள், பாதிப் பேர் 'இது அந்த ஆட்டமே இல்லை' என்றார்கள்.

இரண்டாம் பதிப்பில் 'தாக்கோ' என்று ஒரு கணக்கு உண்டு. கவசத்தின் எண் குறையக் குறையக் கவசம் பலமாகும். பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். எதிரியை அடிக்க என்ன விழ வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் மனக்கணக்காகக் கழிக்க வேண்டும். மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது: எண் கூடினால் கவசம் பலம், கூட்டினால் போதும். யாரைக் கேட்டாலும் இது நல்ல மாற்றம். ஆனால் பத்து வருடம் அந்தக் கழித்தலைக் கண் இமைக்கும் நேரத்தில் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு என்ன கிடைத்தது? நேற்று வந்தவனும் அவனும் ஒன்று. பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் தாக்கோவைப் பற்றி ஒருவித அன்போடு பேசுவதை நான் கிறுக்கு என்று நினைத்திருந்தேன். அவர்களும் ஸ்டூலில் உட்கார்ந்த மேஸ்திரிகள்தான்.

நாலாம் பதிப்புதான் பெரிய பிளவு. வாள்வீரன், மந்திரவாதி என்று எல்லா வகைப் பாத்திரத்துக்கும் ஒரே அச்சில் வார்த்த திறமைகள்: எப்போதும் செய்யலாம், சண்டைக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று. கணக்காகப் பார்த்தால் அழகான வேலை. நடத்துகிறவனுக்குச் சண்டை அமைப்பது அதில்தான் சுலபம் என்று இன்றைக்கும் நான் வாதாடுவேன். ஆனால் மந்திரவாதியும் வாள்வீரனும் ஒரே மாதிரி தெரிகிறார்கள் என்று பலருக்குப் பிடிக்கவில்லை. விதிகளை மற்றவர்களும் எடுத்து ஆளலாம் என்று 2000இல் கம்பெனியே கொடுத்த திறந்த உரிமத்தைப் பிடித்துக்கொண்டு, பைஸோ என்ற இன்னொரு கம்பெனி 2009இல் மூன்றரைப் பதிப்பையே செப்பனிட்டுப் பாத்ஃபைண்டர் என்று விற்றது. புதுசு வேண்டாம் என்றவர்களுக்கு அவர்கள் கற்ற வித்தை செல்லும் இடமாக அது இருந்தது.

பட்டியலிலிருந்து ஆட்களை எடுப்பதும் புதிதல்ல. 1989 ஆட்டக்காரர் கையேட்டில் ஹாஃப் ஆர்க் இல்லை, கொலையாளி இல்லை, வெறுங்கையால் சண்டை போடும் துறவியான மங்க் இல்லை. எல்லாம் 2000இல் திரும்பி வந்தன. தம்பியிடம் இதைச் சொன்னேன். "அப்ப எனக்கு 2035 வாக்கில பட்டா கிடைக்கும்" என்றான். 2024 ஆகஸ்டில் கம்பெனியின் இணையக் கருவியில் பழைய மந்திரங்களின் இடத்தில் புதியவற்றை வைக்கப்போவதாக அறிவித்து, ஆட்கள் கொதித்ததும் சில நாளில் பின்வாங்கினார்கள். தம்பி அதிலேயேதான் பாத்திரம் வைத்திருக்கிறான், அன்றைக்கே எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கையால் எழுதிவிட்டான்.

எல்லா ஆட்டமும் இப்படி இல்லை. கால் ஆஃப் க்துலு என்ற திகில் கதை ஆட்டம் 1981இல் வந்தது. 2014 ஏழாம் பதிப்பில்தான் கொஞ்சம் கை வைத்தார்கள், பழைய கதை எதையும் சின்னக் கணக்கோடு இன்றைக்கும் ஆடலாம். நம் தாயத்துக்குப் பதிப்பே இல்லை. வெட்டு விழாமல் பழம் எடுக்கலாமா கூடாதா என்பது தெருவுக்குத் தெரு மாறும், யார் வீட்டுத் திண்ணையோ அவர்கள் விதி. எழுதி ஒட்டிய விதி இந்த மலைக்கே புதிது என்றும் சொல்ல முடியாது. ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி கையில் பிறந்தது; விதி எழுதிச் சுவரில் தொங்கியது 1882இல் ஊட்டி கிளப்பில். அதற்கு முன்னால் வாய்விதியாக ஆடிக்கொண்டிருந்தவர்களில் யாராவது அன்றைக்குக் குச்சியை வைத்துவிட்டுப் போயிருப்பாரா என்று யோசிக்கிறேன்.

நாலு ஞாயிறு, ஒரு மூச்சு

நவம்பரில் மழை பிடித்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து, மலை ரயில் நின்று, டூரிஸ்ட் வரத்து அற்றுப்போனது. அண்ணன் பேக்கரியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அக்காதான் போய்க் கூப்பிட்டார். என்ன சொன்னார் என்று எங்களிடம் சொல்லவில்லை. அண்ணன் மேலே வந்து, மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, "ஆட மாட்டேன். கேக்குறேன்" என்றார்.

அதையே வேலையாக்கினோம். நாலு ஞாயிறு ஆட்டம் இல்லை. புது விதி ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்ல வேண்டும். அண்ணன் அதை ஒரே மூச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். மூச்சுக்குள் அடங்கினால் நோட்டில் ஏறும். அடங்கவில்லை என்றால் பழைய விதியே நிற்கும், அல்லது என் தீர்ப்பு. இது யார் யோசனை என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது.

களைப்பு விதி முதலில் வந்தது. பழைய பதிப்பில் ஆறு படி, படிக்கு ஒரு தண்டனை. அட்டவணையைப் பார்க்காமல் என்னாலேயே சொல்ல முடியாது. புதியதில் படிக்கு இரண்டு, இருபது முகப் பகடையில் கழியும், நடையில் ஐந்தடி குறையும், ஆறாவதில் சாவு. அண்ணன் கேட்டுவிட்டு, "களைப்பு ஒண்ணுக்கு ரெண்டு கொறை, அஞ்சடி கொறை, ஆறுல காலி" என்றார். சொல்லிவிட்டு, "இது நல்லாருக்கே" என்றார். புதியதில் அவர் ஒப்புக்கொண்ட முதல் விதி.

ஒளிந்துகொள்ளும் விதி விழுந்தது. புதுப் பதிப்பில் 15ஓ அதற்கு மேலோ உருட்டினால் 'கண்ணுக்குத் தெரியாத' நிலையே வந்துவிடும், இன்னின்ன செய்தால் அது போகும். அக்கா கேட்டார்: "கதவுக்குப் பின்னாடி நின்னா நான் ஆவியாயிடுவேனா?" விளக்க விளக்கச் சிக்கியது. தள்ளுபடி. ஆயுத வித்தைகளில் கையில் இருக்கும் ஆயுதத்துக்கு உள்ளது மட்டும் நின்றது. சின்னக் கத்தி இரண்டு வைத்திருப்பவருக்கான வித்தையை யாராலும் மூச்சுக்குள் முடிக்க முடியவில்லை, நான் உட்பட. எழுதியவர்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது ஞாயிறு சாமி அடி. அக்கா தன் மனதில் இருந்ததை அன்று முகத்துக்கு நேராகச் சொன்னார், நாலு பேரும் வேடிக்கை பார்த்த கதையை. அண்ணன் நீண்ட நேரம் பேசவில்லை. டீ வந்தது, உண்மை டீ. குடித்து முடித்து, "அப்படியா இருந்துச்சு? சொல்லியிருக்கலாமே புள்ள" என்றார். பிறகு அவரே விதி சொன்னார்: ஒரு முறைக்கு ஒரு சாமி அடி. போனஸ் ஆக்‌ஷன் செலவில்லை. எந்த வீச்சுக்குப் போடுவது என்பது பாலடின் இஷ்டம். புத்தகத்தைவிட இது கொஞ்சம் தாராளம், பழையதைவிடக் கெட்டி. என் கணக்குக்கும் ஒத்து வந்தது. ஆனால் இதில் என்ன ஆசை அவருக்கு என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது: முதல் வீச்சிலேயே கொட்டையை வைப்பதா, இருபது விழலாம் என்று இரண்டாவதுக்குக் காத்திருப்பதா என்று ஒரு சூதாட்டம் உள்ளே வந்துவிட்டது. தாயம் ஆடிய கைக்கு அது போதும்.

நோட்டை எழுதுவது தம்பி. 2023 ஜனவரியில் பழைய திறந்த உரிமத்தை மாற்றப் பார்த்து, பெரிய எதிர்ப்பு வந்ததும் கம்பெனி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பதிப்பின் அடிப்படை விதிகளும் அப்படியே வெளிவந்தன. பெயர் குறிப்பிட்டால் போதும், யாரும் எந்த மொழியிலும் மாற்றி எழுதலாம். எங்கள் நோட்டைப் பார்க்கப் போவது ஆறு பேர். இருந்தும் முதல் பக்கத்தில் அந்த உரிம வாக்கியத்தைத் தமிழில் எழுதியிருக்கிறான். இனங்கள் பக்கத்தில் முதல் வரி ஹாஃப் எல்ஃப். பழைய அடிப்படை விதிகளில் இருக்கிறது, எடுத்துக்கொள்ள உரிமை இருக்கிறது என்று விளிம்பில் குறிப்பும் போட்டிருக்கிறான். தமிழ்ப் பெயர் என்ன என்று கேட்டதற்கு, இடம் விட்டு வைத்திருக்கிறேன் என்றான்.

இப்போது

நோட்டு 40 பக்கம். சந்தேகம் வந்தால் அதைத்தான் திறக்கிறோம், போனை இல்லை. பெரும்பாலும் நோட்டையும் திறப்பதில்லை, அண்ணனைப் பார்க்கிறோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அருவங்காட்டு அண்ணனுக்கு இரண்டு வித்தை பறிபோனதில் வருத்தம், ஷிப்ட் என்று சொல்லி ஒரு அமர்வு வரவில்லை. அது ஷிப்ட்தானா என்று கேட்கவும் எனக்குப் பயம்.

டிசம்பரில் முதல் சண்டை. பாழடைந்த கோட்டை வாசல், குளிருக்கு ஜன்னலில் சாக்கு கட்டியிருந்தோம். அண்ணன் முதல் வீச்சு பட்டது. கை பல்லாங்குழிக்கு மேலே போய் நின்றது. எல்லோரும் கையையே பார்த்தோம். எடுக்கவில்லை. காத்திருக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு இரண்டாவதை உருட்டினார். நாலு விழுந்தது.

"போச்சு" என்று கையை இழுத்துக்கொண்டார். கொட்டை குழியிலேயே இருந்தது. "தம்பி, உன் பூதம் அடிக்கட்டும்."